சாட்ஸ்வொர்த் கோயில் அலுவலகக் கணினி: பாகத்தை மாற்றுவதா, கணினியையே மாற்றுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் அலுவலகம். மூலையில் 2013-இல் வாங்கிய மேசைக்கணினி. உள்ளே இன்டெல் கோர் ஐ5-3470, கியூ77 சிப்செட் போர்டு, ஒரே துண்டாக 4 ஜிபி டிடிஆர்3 ரேம், நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் 500 ஜிபி ஹார்டுடிஸ்க், விண்டோஸ் 10. உறுப்பினர் பதிவேடு, சந்தா ரசீது, அன்னதானக் கணக்கு, தமிழ்ப் பள்ளி வினாத்தாள், வங்கி வேலை எல்லாம் இதில்தான். சாதாரண நாளில் எப்படியோ ஓடிவிடுகிறது. தைப்பூசக் காவடிக்கும் புரட்டாசிக்கும் ரசீது வாங்க ஆட்கள் வரிசையில் நிற்கும்போதுதான் தொல்லை: எக்செல் கோப்பு திறக்க ஒரு நிமிடம், காலையில் பொத்தானை அழுத்தினால் வேலைக்குத் தயாராக நாலைந்து நிமிடம்.

நிர்வாகக் குழுவில் மூன்று யோசனைகள். ரேம் கூட்டினால் போதும் என்பது ஒன்று. பிராசசரை ஐ7 ஆக்கினால் சரியாகிவிடும் என்பது இன்னொன்று. இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவோம் என்பது மூன்றாவது. மூன்றுமே பெட்டியைத் திறந்து பார்க்காமல் சொன்னவை.

அளந்து பார்த்தபின் எடுத்த முடிவு வேறு. எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) யுபிஎஸ்ஸும் (மின்சாரம் போனால் சற்று நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) புதிதாக வாங்குவது; ரேமைப் பழைய பொருள் விற்பவரிடம் வாங்குவது; பிராசசரைத் தொடாமல் விடுவது; விண்டோஸ் 10-ஐ விட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போவது. அளவுகோல் ஒன்றுதான்: அடுத்த கணினிக்கும் கூட வரக்கூடிய பொருளுக்கு மட்டுமே புதுப் பணம். டிடிஆர்3 ரேமும் எல்ஜிஏ1155 என்ற பழைய பொருத்தியில் உட்காரும் பிராசசரும் இந்தப் பெட்டியோடு முடிந்துபோகும். எஸ்எஸ்டி அப்படியல்ல, கழற்றி அடுத்ததில் மாட்டலாம்.

எங்கே தேங்குகிறது

கணினி திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. இங்கே கிடைத்தது இது: பிராசசர் 20 விழுக்காட்டுக்குள், டிஸ்க் 100 விழுக்காடு, ஆனால் டிஸ்க்கில் ஓடும் தகவல் நொடிக்கு 2 எம்பிகூட இல்லை, பதில் தரும் நேரம் 300 மில்லிநொடிக்கு மேல். இந்த நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 100 விழுக்காடு என்பதை மட்டும் பார்த்தவர்கள் டிஸ்க் கடுமையாக உழைக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது உழைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறது.

கணக்கு எளிது. 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி. தேவையான இடம் தட்டைப் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிநொடி. தலை தடம் மாற இன்னும் 8 அல்லது 9. ஆக, சிதறிக் கிடக்கும் ஒரு சிறு துண்டை எடுக்க 12, 13 மில்லிநொடி. நொடிக்கு 75, 80 துண்டுகள்தான். விண்டோஸ் எழும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் கேட்பது இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத்தான். துண்டுக்கு 4 கேபி என்றால் நொடிக்கு அரை எம்பிகூடத் தேறாது. ஹார்டுடிஸ்க்கின் அதே சாட்டா இணைப்பில் மாட்டும் எஸ்எஸ்டி இதே வேலையில் நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகள் தரும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 550 எம்பி வேகத்தைப் பற்றி யாரும் பெரிதாக நினைக்க வேண்டாம். அலுவலக வேலையில் வித்தியாசத்தைக் காட்டுவது இந்தத் தேடல் இல்லாமைதான்.

அடுத்து நினைவகம். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில், பிரவுசரில் ஐந்தாறு தாவல்கள், எக்செல், வாட்ஸாப் வெப் திறந்திருக்கையில் நிரல்கள் கேட்டு வைத்திருந்த நினைவகம் 6.5 ஜிபியைத் தாண்டியிருந்தது. மீதி எங்கே போகும்? ஹார்டுடிஸ்க்குக்குத்தான். ஏற்கெனவே தேடித் திணறும் டிஸ்க்கின் தலையில் இதுவும் ஏறுகிறது. ரேம் கூட்டச் சொன்னவர் முழுத் தவறில்லை, பாதி சரி. ரேமை மட்டும் 8 ஜிபி ஆக்கினால் நடு வேலையில் உறைவது குறையும். காலையில் எழும் நேரமும் கோப்பு திறக்கும் நேரமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பணம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் எஸ்எஸ்டிதான் முதலில்.

ரேம் வாங்குமுன் சிஸ்டம் விவரத்தில் விண்டோஸ் 64-பிட்டா என்று பார்ப்பது நல்லது. 2013 வாக்கில் பல கடைகள் 4 ஜிபி கணினிகளில் 32-பிட் பதிப்பைப் போட்டுக் கொடுத்தன. அதில் 8 ஜிபி மாட்டினாலும் 4 ஜிபிக்குள்தான் பயன்படும். மாட்டியவர் கடைக்காரரைத் திட்டுவார்.

டிஸ்க்கின் உடல்நிலை

வேகத்தைவிட அவசரமான செய்தி, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் கிடைத்தது. 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டர்களை (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்களை) சொல்லும். சி5 வரி படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவற்றைச் சொல்லும். இரண்டிலும் சுழி (0) இருக்க வேண்டும். இந்த டிஸ்க்கில் இரண்டிலும் எண்கள் ஏறியிருந்தன. ஒரு பொறி: அந்த நிரல் மூல மதிப்புகளை இயல்பாகப் பதினாறடிமான எண்ணில் காட்டும். 10 என்று தெரிந்தால் அது 16. அமைப்பில் பதின்ம எண்ணுக்கு மாற்றிவிட்டுப் படிக்க வேண்டும். 05 வரியில் உள்ள எண் ஏறாமல் நின்றால் சில காலம் ஓட்டலாம். சி5 சுழியைத் தாண்டிவிட்டால் அந்த டிஸ்க்கை நம்பி ஒரு நாள்கூடக் கணக்கு வைக்கக் கூடாது.

சி0 வரியும் கவனத்துக்குரியது. பல டிஸ்க்குகளில் அது திடீரென மின்சாரம் போய்த் தலை அவசரமாக ஒதுங்கிய எண்ணிக்கை. 2022, 2023-இல் லோட் ஷெடிங் எனும் அட்டவணை போட்ட மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் இரண்டு மூன்று முறை மின்சாரம் போய் வந்தது. அட்டவணையைப் பார்த்து முன்கூட்டியே அணைப்பவர்கள் சிலர்; அட்டவணை மாறியது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் பலர். 2024 மார்ச் இறுதியில் நாட்டின் மின் நிறுவனமான எஸ்காம் அதை நிறுத்தியது, 2025 தொடக்கத்தில் சிலமுறை திரும்பியது. ஆனால் கேபிள் திருட்டும் துணைமின்நிலையக் கோளாறும் எந்த அட்டவணையிலும் வருவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் ஹார்டுடிஸ்க்குக்கும் கேடு, கோப்புக்கும் கேடு.

இந்த நிலையில் பலர் செய்யும் முதல் வேலை டிஸ்க்கை முழுதாகச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க்கை ஓட விடுவது. அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். சாகப்போகும் டிஸ்க்கை முனையிலிருந்து முனைவரை படிக்க வைத்தால், தகவலை எடுக்க மிச்சமிருந்த உயிரும் போகும். முதலில் தேவையான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு எடுப்பது. அடம்பிடித்தால் லினக்ஸ் யுஎஸ்பியில் எழுப்பி டிடிரெஸ்க்யூ கொண்டு முழுப் படிமம் எடுப்பது. அது படிக்க வருவதை முதல் சுற்றில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்கு அப்புறம் திரும்பும். குளோன் மென்பொருள்கள் பல முதல் பிழையிலேயே நின்றுவிடும். அதனால் சி5 ஏறிய டிஸ்க்கைப் புது எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுக்கும் திட்டத்தைக் கைவிட்டு, புதிதாக நிறுவுவதே நல்லது.

சாம்பிராணி, கற்பூரம், வெப்பம்

பெட்டியைத் திறந்ததும் தெரிந்தது கோயில் அலுவலகத்துக்கே உரிய கோளாறு. சாதாரண வீட்டுத் தூசி உலர்ந்தது. தூரிகையால் தட்டினால் உதிரும். எண்ணெய் விளக்கின் புகையும் கற்பூரக் கரியும் சேர்ந்த தூசி பிசுபிசுப்பாக, பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் இதழ்களுக்கு நடுவே அப்பிக்கொள்கிறது. காற்று அடிக்கும் டப்பாவால் இது போகாது. ஹீட்சிங்கைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்க்க வேண்டும். கழற்றுமுன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால், அதற்கும் பிராசசருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் காய்ந்த பேஸ்ட் இளகும். பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, பட்டாணி அளவுக்குச் சற்றுக் குறைவாகப் புதிதை வைத்தால் போதும். விசிறிக்குக் காற்று அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெடும்.

சுத்தம் செய்யுமுன் பிராசசர் முழுச் சுமையில் 95 பாகையைத் தாண்டியது. பிறகு 70-க்குள் நின்றது. இந்தத் தலைமுறைச் சிப் 105 பாகை அருகே தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் அந்த எல்லை தொலைவில் இல்லை. இது பேஸ்ட் செலவோடு முடிந்த வேலை. பலன் வேகத்தைவிட ஆயுளில்தான் அதிகம். கடலை ஒட்டிய இசிப்பிங்கோ, மெரிபேங்க் பக்கம் என்றால் ரேம் முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். ரப்பரால் அழித்தால் பளபளப்பாகத்தான் இருக்கும், தங்கப் பூச்சும் சேர்ந்து போகும்.

பவர் சப்ளையின் 12 வோல்ட் கம்பி 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருக்க வேண்டும். மதர்போர்டில் தலை வீங்கிய கெப்பாசிட்டர் ஒன்று கண்ணில் பட்டாலும் பேச்சே இல்லை: அதன்மேல் பணம் செலவழிக்காமல் கணினியையே மாற்ற வேண்டியதுதான். இதில் அப்படி எதுவும் இல்லை. பவர் சப்ளையையே மாற்ற நேர்ந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. சில பெருநிறுவன மேசைக்கணினிகளில் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பு வழக்கமான 24 முள் அல்ல, 8 அல்லது 6 முள். கடையில் கிடைக்கும் சப்ளை அதில் நேராகப் பொருந்தாது.

விண்டோஸின் நாள்காட்டி

இதுவரை சொன்னதெல்லாம் வேகம். உண்மையில் முடிவைத் தீர்மானித்தது வேறு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் பக்கம் எட்டாம் தலைமுறைப் பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது, ஐ5-3470 மூன்றாம் தலைமுறை. நிறுவும் யுஎஸ்பி தயாரிக்கும் ரூஃபஸ் போன்ற கருவியால் இந்தச் சோதனையைத் தாண்டி நிறுவ முடியும், இந்தச் சிப்பில் ஓடவும் செய்யும். ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புகள் தானாக வராது. ஒவ்வொரு முறையும் யாராவது யுஎஸ்பியோடு வந்து உட்கார வேண்டும். வீட்டில் விளையாட்டாகச் செய்யலாம். பொருளாளர் மாறினால் கணினி தெரிந்தவரும் மாறிப்போகும் ஒரு கோயிலுக்கு இது ஆகாது.

நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு தருகிறது. அது தனிநபர் பயன்பாட்டுக்கானது. அமைப்புகளுக்கானது தனிக் கட்டணம். ஓராண்டுக்காக அந்தக் கட்டணத்தைக் கொடுப்பதற்குப் பதில் அதை அடுத்த கணினிக்கான நிதியில் சேர்ப்பது மேல்.

பாதுகாப்பு இல்லாத விண்டோஸையே தொடர்ந்தால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. உறுப்பினர் பதிவேட்டில் அடையாள எண், தொலைபேசி, முகவரி, சிலருடைய வங்கிக் கணக்கு இருக்கின்றன. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செல்லுபடியாகிறது. தகவல் வைத்திருப்பவர் தகுந்த, நியாயமான தொழில்நுட்பப் பாதுகாப்புச் செய்திருக்க வேண்டும் என்கிறது. கோயிலுக்கும் இது பொருந்தும்.

லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு, இந்த வன்பொருளில் இலேசாக ஓடும். ஆனால் ஓடுமா என்பதைப் பணம் செலவழிக்குமுன் சோதிக்க முடியும். யுஎஸ்பியில் மின்ட்டை எழுதி, நிறுவாமலே எழுப்பி, அச்சுப்பொறி, வலைத்தொடர்பு, வங்கித் தளம் மூன்றையும் முயன்று பார்த்தால் போதும். அச்சுப்பொறிதான் பெரும்பாலும் இடிக்கும்: கணினியையே நம்பி இயங்கும் மலிவு லேசர் வகைகள் சிலவற்றுக்கு லினக்ஸில் தனி இணைப்பு நிரல் தேவை. அதோடு பழைய விண்டோஸிலேயே, எக்செல், வேர்டுக்குப் பதிலான இலவச லிப்ரே ஆபிஸை நிறுவி, இரண்டு வாரம் அதிலேயே வேலை செய்யச் சொல்ல வேண்டும். இங்கே சந்தாக் கணக்கில் இருந்த எக்செல் மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) லிப்ரே ஆபிஸில் ஓடவில்லை. திறந்து பார்த்தால் அது செய்தது மாதவாரியாகக் கூட்டுவது மட்டும்தான்; நிபந்தனைக் கூட்டல் சூத்திரம் ஒன்று அதே வேலையைச் செய்தது. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் இருந்திருந்தால் முடிவு இங்கேயே திரும்பியிருக்கும்.

ஐ7 யோசனை

அதே போர்டில் ஐ7-3770 உட்காரும். நான்கு கோர் அப்படியே, ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளான திரெட் எட்டாகும், வேகம் 3.2-இலிருந்து 3.4 கிகாஹெர்ட்ஸ். 20 விழுக்காடுகூட வேலை செய்யாத பிராசசரை மாற்றிக் கிடைப்பது ஒன்றுமில்லை. டிஸ்க் அமைதியாக இருக்கும்போது பிராசசர் மட்டும் 100-ஐத் தொட்டு நின்றால்தான் இந்தப் பேச்சுக்கே இடம். பூசையை நேரலையில் ஒளிபரப்பும் கோயில்களில் அது நடக்கும். அப்போதும் விடை ஐ7 அல்ல, புதிய தலைமுறைக் கணினி.

வாங்கியதும் மாட்டியதும்

எஸ்எஸ்டி: 2.5 அங்குலச் சாட்டா வகை, 480 ஜிபி. போர்டில் நேராகச் செருகும் என்விஎம்இ வகையை வாங்கிவிடக் கூடாது. இந்தத் தலைமுறை பயாஸ்கள் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) பெரும்பாலும் அதிலிருந்து எழுவதில்லை, போர்டில் அதற்கான இடமும் இல்லை. எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் அலுவலகத்துக்குப் பொருந்தாது: மலிவான 240 ஜிபி வகைக்கே பல நிறுவனங்கள் 80 டெராபைட் அளவுக்கு எழுத உத்தரவாதம் தருகின்றன; நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 4000 நாள். தேய்மானத்தைவிடப் பெரிய ஆபத்து போலி. நம்ப முடியாத விலையில் 2 டெராபைட் என்று வருவதில் உள்ளே சின்ன மெமரி கார்டு ஒட்டியிருக்கும். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்தால் குட்டு வெளிப்படும். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் செய்துவிட வேண்டும்.

கியூ77 போர்டில் ஆறு சாட்டா துளைகள் உண்டு, அவற்றில் இரண்டுதான் 6 ஜிகாபிட். எஸ்எஸ்டிக்கு அதில் ஒன்று. தெரியாமல் 3 ஜிகாபிட்டில் மாட்டினாலும் நொடிக்கு 270 எம்பி வரும், தேடல் இல்லாத பலன் அப்படியே இருக்கும், பதற வேண்டியதில்லை. மின் இணைப்புக்கு டிவிடி டிரைவின் கம்பியை எடுத்துக்கொள்வது எளிது. பழைய நான்கு முள்ளிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் இணைப்பான் வாங்கினால், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையைத் தவிர்க்க வேண்டும். உள்ளே கம்பிகள் நெருங்கித் தொட்டு, தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

ரேம்: 4 ஜிபி துண்டு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதே 1600 வேகத்தில் இன்னொரு 4 ஜிபி, இணை வண்ணத் துளையில். இரண்டு துண்டு இருந்தால் இரட்டைத் தடத்தில் ஓடும். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு இது கண்ணுக்குத் தெரியும் பலன். பழைய சந்தையில் மூன்று வலைகள். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இதில் எழாது. லேப்டாப் ரேம் நீளத்திலேயே குறைவு. மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றுவது: ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டு விற்கும் மலிவு 8 ஜிபி துண்டுகள். இன்டெல் போர்டு அவற்றைப் பார்த்தால் திரையே வராது, பீப் ஒலி மட்டும். 2025 இறுதியிலிருந்து உலகெங்கும் புது ரேம் விலை ஏறியிருப்பதால் இந்த வலையில் விழ ஆசை கூடும். மாட்டியபின் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓர் இரவு ஓட வேண்டும்; ஒரே ஒரு பிழை வந்தாலும் துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

ரேமும் எஸ்எஸ்டியும் மாட்டும் அதே நேரத்தில் சிஆர்2032 பொத்தான் பேட்டரியையும் மாற்றியது சரிதான், ஆனால் அங்கேதான் அரைநாள் போனது. தென்னாப்பிரிக்கச் சுவர்ப் பிளக்குகளில் சுவிட்ச் உண்டு. இடி மின்னலுக்குப் பயந்து தினமும் அங்கேயே அணைத்துவிடுவார்கள். நல்ல பழக்கம். ஆனால் அப்போது பயாஸ் கடிகாரம் ஓடுவது அந்தச் சின்னப் பேட்டரியில்தான், சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். தேதி 2012-க்குத் திரும்பும். வங்கித் தளத்தின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். எல்லோரும் இணையத்தைக் குற்றம் சொல்வார்கள். சில மாதங்களாக இந்த அலுவலகத்தில் நடந்தது இதுவே. பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி, டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு என்பதற்கு மாறியது. சில கோப்புகள் எடுக்கப் பழைய விண்டோஸை மறுபடி எழுப்பியபோது நீலத்திரை. டிஸ்க் செத்தது என்று முடிவுகட்டுவது இங்கே எளிது. சாட்டா முறையை ஏஹெச்சிஐக்குத் திருப்பியதும் எழுந்தது. பேட்டரியைத் தொடுமுன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

தமிழ்க் கோப்புகள்

பழைய விண்டோஸை எதற்கு மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது என்றால், எழுத்துருக்களுக்காக. தமிழ்ப் பள்ளியின் பழைய வினாத்தாள்கள் யூனிகோடு வருமுன் தட்டச்சு செய்தவை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்புகளை மட்டும் நகலெடுத்து எழுத்துருக் கோப்புறையை விட்டுவிடுவது தமிழ்க் கணினிகளில் எப்போதும் நடக்கும் விபத்து. இருபது முப்பது எழுத்துருக்கள், சில எம்பிதான். முழுக் கோப்புறையையும் எடுத்துவிடலாம். மின்ட்டில் வீட்டுக் கோப்புறையின் எழுத்துரு இடத்தில் போட்டால் லிப்ரே ஆபிஸ் அவற்றை எடுத்துக்கொள்ளும். நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவது. அதற்கு இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு பக்கமாவது கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும்.

யூனிகோடு கோப்புகளிலும் சின்ன இடறல் உண்டு. விண்டோஸின் லதா எழுத்துரு மின்ட்டில் இல்லை. அதற்குப் பதில் நோட்டோ வரும்போது வரி நீளம் மாறி, இரண்டு பக்க வினாத்தாள் மூன்றாகிவிடும். தட்டச்சுக்கு, லினக்ஸின் உள்ளீட்டுக் கருவியான ஐபஸில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிட்டால் பழகிய கைக்கு வேறுபாடு தெரியாது. ஆங்கில ஒலியில் அடிப்பவர்களுக்கும் தனி விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. விண்டோஸை அழிக்குமுன் எடுக்க வேண்டிய இன்னொன்று பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள். எங்கும் எழுதி வைக்காதவை அவை மட்டுமே.

யுபிஎஸ்

மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையும் சீர்செய்யும் லைன் இன்டராக்டிவ் வகை, திறன் 850 விஏ (வோல்ட் ஆம்பியர்). கணினி 55 வாட், திரை 20, ரவுட்டர் 10 என்று வைத்தால் 85 வாட். உள்ளிருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரியில் பெயரளவில் 84 வாட் மணி. வேகமாக வடிக்கும்போது ஈய அமில பேட்டரி பாதிதான் தரும், மாற்றும் இழப்பு போக 20 நிமிடம் கிடைக்கும். அது ரசீதை முடித்து ஒழுங்காக அணைப்பதற்கான நேரம். இரண்டு மணி நேர மின்வெட்டைக் கடத்த அல்ல. லேசர் அச்சுப்பொறியை இதில் மாட்டவே கூடாது: சூடேறும் நொடியில் பல நூறு வாட் இழுத்து யுபிஎஸ்ஸை வீழ்த்தும். யுஎஸ்பி கம்பி உள்ள வகை என்றால், பேட்டரி தாழ்ந்ததும் மின்ட் தானாக அணையும்படி மின் அமைப்பில் வைக்கலாம்.

பழைய யுபிஎஸ் ஒன்று பரணில் கிடந்தது. அதன் பேட்டரி செத்ததற்குக் காரணம் வயது மட்டுமல்ல. வடிந்த பேட்டரி நிறைய ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த மின்வெட்டு வந்தால் அரைகுறை நிலையிலேயே கிடந்து தகடுகள் சல்பேட் பிடிக்கும். பெட்டி நன்றாக இருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். புது யுபிஎஸ் விலையில் பெரும்பகுதி மிச்சம்.

மாற்றியபின்

பொத்தானை அழுத்தி வேலைக்குத் தயாராக அரை நிமிடத்துக்குச் சற்று மேல். சந்தாக் கோப்பு ஐந்து நொடிக்குள் திறக்கிறது. அதே தாவல்களோடு நினைவகம் 8 ஜிபிக்குள் அடங்குகிறது. மாறாதது முழு உயர்தர யூடியூப் காணொளி: புதிய காணொளி வடிவங்களைப் பிரிக்கும் சுற்று இந்தச் சிப்பின் கிராபிக்ஸில் இல்லாததால் பிராசசர் பாதியளவு ஏறுகிறது, இது எதை மாட்டினாலும் தீராது. ரசீது எழுதும் கணினிக்கு அது ஒரு குறையல்ல.

இதே கேள்வி வேறு கணினிக்கு வந்தால் விடை மாறும். கோர் 2 டுவோ, டிடிஆர்2 ரேம் காலத்துப் பெட்டிக்கு ஒரு ரேண்டுகூடச் செலவழிக்க வேண்டாம். ஆறு, ஏழாம் தலைமுறை என்றால் இங்கே செய்ததே பொருந்தும். அதன் டிடிஆர்4 ரேம், அளவு ஒத்துப்போனால், அடுத்த கணினிக்கும் வரலாம். எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ ஹார்டுடிஸ்க்கில் ஓடிக்கொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம்: எஸ்எஸ்டி, 16 ஜிபி, விண்டோஸ் 11. பாகச் செலவு எல்லாம் கூட்டி, புதுப்பித்து விற்கும் எட்டாம் தலைமுறைக் கணினியின் விலையில் பாதியைத் தொட்டால் அங்கே நிறுத்திக்கொண்டு அந்தக் கணினியை வாங்குவது நல்லது. விற்பவர் மின்சார மிச்சத்தைச் சொல்லி மயக்குவார். பழையது 45 வாட், புது மினி கணினி 12 வாட் என்றால், நாளுக்கு ஆறு மணி நேரம், மாதம் 25 நாள் கணக்கில் மிச்சம் 5 யூனிட். அதற்காக மாற்றுவதில் பொருளில்லை. யுபிஎஸ்ஸில் இரட்டிப்பு நேரம் ஓடும் என்பது மட்டும் மெய்யான ஆதாயம்.

நகல்: ஒரு வெளி டிஸ்க் அலுவலகத்தில், இன்னொன்று வேறு இடத்தில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சுற்றுவட்டாரத்தில் கட்டடங்களோடு அலமாரிகளும் போயின. ஒரே அறையில் இரண்டு நகல் வைப்பது ஒரு நகல்தான். புது அமைப்பில் ஒரு மாதம் வேலை நடந்து, எதுவும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்தபின்தான் பழைய ஹார்டுடிஸ்க்கை ஒழிக்க வேண்டும். அதில் உறுப்பினர்களின் அடையாள எண்கள் இருக்கின்றன. விரைவு ஃபார்மட் மட்டும் செய்து கொடுத்தால் மீட்கும் மென்பொருள் எல்லாவற்றையும் எடுத்துவிடும். முழுக்க ஒருமுறை சுழியால் நிரப்ப வேண்டும். கெட்ட செக்டர்களால் அது முடியாமல் நின்றால் தட்டுகளின் ஊடே இரண்டு மூன்று இடத்தில் துளையிட வேண்டும். பிறகு குப்பைத் தொட்டியில் போடக் கூடாது: 2021 ஆகஸ்ட் முதல் மின்கழிவை நிலநிரப்பில் கொட்டத் தடை. கணினிக் கடைகளும் பெரிய அங்காடிகளும் சில வைத்திருக்கும் மின்கழிவுப் பெட்டியில் போட்டால் போதும்.